கொசுவலைக்கு அப்பால் ஒரு நாய்: முதிய பிராய்டும் அவர் வளர்த்த நாய்களும்

வசவும் வாஞ்சையும்

கோபம் வந்தால் நம் வாயில் சட்டென்று வருகிற வசவு "நாயே!" என்பதுதான். "நாய்ப் பிழைப்பு", "நாய் படாத பாடு", "தெருநாய் மாதிரி அலையிறான்" என்று இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஏசுகிற ஏச்சுக்குக் கணக்கே கிடையாது. அடியார்கள் இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நினைத்தபோதும் 'நாயேன்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அதே நாயைத்தான் பைரவருக்கு வாகனமாக்கிக் கும்பிடுகிறோம். "ஒருவேளை சோறு போட்டாலும் மறக்காது" என்று பிள்ளைகளுக்கு அதன் நன்றியைப் பாடமாகவும் சொல்லிக் கொடுக்கிறோம். இவ்வளவு விசுவாசமாக நம்மோடு ஒட்டி வாழ்கிற பிராணியின் பெயர் எப்படி ஒரு வசவாயிற்று?

இந்தக் கேள்வி தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் நாய் என்பது வசவுதான். 1929-ஆம் ஆண்டுக் கோடையில், ஜெர்மனியின் தென்கோடியில் மலை சூழ்ந்த பெர்ஷ்டெஸ்காடன் என்ற ஊரில் தங்கியிருந்த 73 வயது முதியவர் ஒருவர் இதே கேள்வியைத் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டு, தாம் எழுதிவந்த நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் அதற்கு விடையும் எழுதினார். அவர்தான் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டு. நாகரிகம் மனிதனுக்கு ஏன் நிம்மதியைத் தரவில்லை என்பதை ஆராயும் அந்த நூல் 1930-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியபோது மூக்கு தரையிலிருந்து விலகிவிட்டது. கண்ணுக்கு முதலிடம் கிடைத்தது. மோப்பம் பின்னுக்குப் போயிற்று. அதோடு கழிவின் நாற்றத்தின் மேல் அருவருப்பும், உடம்பைப் பற்றிய வெட்கமும் வளர்ந்தன. நாயோ இன்னும் மூக்கால் வாழ்கிற பிராணி. மலத்தைக் கண்டு அது முகம் சுளிப்பதில்லை. இனச்சேர்க்கையை ஒளித்து வைப்பதும் இல்லை. நாம் கஷ்டப்பட்டு அடக்கி வைத்திருக்கும் இரண்டையும் அது வெளிப்படையாகச் செய்கிறது. அதனால்தான், எத்தனை விசுவாசமாக இருந்தாலும், அதன் பெயர் வசவாகிவிட்டது என்றார் பிராய்டு.

வாசகர்கள் இந்த 'மூக்கு' விஷயத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பத்து வருடம் கழித்து, அந்த முதியவரின் கடைசி நாட்களில், அது வேறொரு வடிவில் திரும்பி வரப்போகிறது.

69 வயதில் வந்த பழக்கம்

பிராய்டு 1856 மே 6 அன்று மொராவியாவில் பிறந்தவர். 1891 முதல் 1938 வரை வியன்னா நகரில் பெர்க்காசே தெரு 19-ஆம் எண் வீட்டில் குடியிருந்தார். சுருட்டும் புத்தகமும் பழங்காலச் சிலைகளும் அவருடைய உலகம். கிரேக்கம், எகிப்து, ரோமாபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்த சிலைகள் அவர் மேஜையை நிறைத்திருந்தன. 1931-இல் அவருடைய 75-ஆவது பிறந்தநாளை ஒட்டிக் கல்கத்தாவின் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை ஒன்றை அனுப்பியது. அதுவும் அந்த மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் நடுவயது முழுக்க அவர் வீட்டில் செல்ல நாய்க்கு ஒன்றும் பெரிய இடம் இருந்ததில்லை.

வாழ்க்கை அவரை வரிசையாக அடித்த பிறகே நாய் வந்தது. 1920-இல் செல்ல மகள் சோஃபி, அன்று உலகையே வாட்டிய இன்ஃபுளுயன்சா கண்டு இறந்தாள். 1923-இல் அவளுடைய மகன், நாலரை வயதுப் பேரன், காசநோயால் இறந்தான். அந்தக் குழந்தையின் சாவுக்குப் பிறகு எதிலும் தமக்குப் பற்று விட்டுப்போயிற்று என்று பிராய்டு எழுதியிருக்கிறார். அதே 1923-இல் அவருடைய மேலண்ணத்தில் புற்றுநோய் தென்பட்டது. அதன் பிறகு வாழ்ந்த 16 ஆண்டுகளில் 30-க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே இருந்த சுவர் போய்விட்டதால், பெரிய செயற்கை அண்ணம் ஒன்றைப் பொருத்திக்கொண்டுதான் பேசவும் சாப்பிடவும் முடிந்தது. அதை வீட்டில் 'அசுரன்' என்ற பொருளில்தான் குறிப்பிடுவார்கள். ஒரு காது மந்தமாயிற்று. ஊரே கேட்கப் பேசிய மனிதருக்குப் பேச்சே பாரமாயிற்று.

1925-இல் அந்த வீட்டுக்கு ஓர் அல்சேஷன் நாய் வந்தது. பெயர் வோல்ஃப். உண்மையில் அது பிராய்டுக்காக வாங்கப்பட்டதல்ல. கடைசி மகள் அன்னா மாலையில் தனியே நடந்து போகும்போது துணைக்கு இருக்கட்டும் என்று வாங்கியது. வோல்ஃபைப் பற்றி மூத்த மகன் மார்ட்டின் தம் நினைவு நூலில் ஒரு கதை சொல்கிறார். ஒருநாள் பிராட்டர் பூங்காவில் சிப்பாய்கள் சுட்ட வெற்றுத் தோட்டாச் சத்தத்துக்கு மிரண்டு நாய் ஓடிவிட்டது. தேடி அலுத்து வீட்டுக்கு வந்து பார்த்தால் நாய் ஏற்கெனவே வந்திருக்கிறது, அதுவும் டாக்சியில்! தானாகவே ஒரு டாக்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்திருக்கிறது; கழுத்துப் பட்டையில் இருந்த முகவரியைப் படித்து டிரைவர் கொண்டுவந்து சேர்த்தார்.

பிராய்டின் பிறந்தநாட்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாயின் கழுத்தில் ஒரு தாளைக் கட்டி அனுப்புவார்கள். அதில் நாயே எழுதியது போல ஒரு வாழ்த்துப் பாட்டு இருக்கும். எழுதியவர் அன்னா. எல்லாரிடமும் கறாராக இருக்கும் கிழவர் அதை வாங்கிப் படித்துச் சிரிப்பார். அன்னா அப்பாவிடம் நேரில் சொல்லத் தயங்கிய செல்லத்தை எல்லாம் நாயின் வாயால் சொன்னார் என்றும் கொள்ளலாம். நம் வீடுகளிலும் இது நடக்கிறதே! "அப்பா இன்னும் மாத்திரை சாப்பிடலையாம், நீயாவது போய்ச் சொல்லேண்டா" என்று நாயிடம் சொல்கிற மருமகள்களை நாம் பார்த்ததில்லையா?

லூன் போன துக்கம்

அன்னாவின் நெருங்கிய தோழி டோரதி பர்லிங்ஹாம் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவர் 1928-இல் பிராய்டுக்கென்றே ஒரு நாயைக் கொடுத்தார். சீனத்தைப் பூர்வீகமாகக் கொண்ட 'சௌ-சௌ' இனம். சிங்கம் போல் பிடரி மயிரும் நீலக் கறுப்பு நாக்கும் உள்ளது. எல்லாரிடமும் குழைகிற நாய் அல்ல இது. தனக்குப் பிடித்த ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றவர்களைத் தூர நிறுத்தும். சுபாவத்தில் பிராய்டுக்கு ஏற்ற ஜோடி என்றே சொல்லலாம். அதற்கு லூன் யூ என்று பெயர் வைத்தார்கள்.

லூன் அந்த வீட்டில் ஓராண்டுக்கு மேல்தான் இருந்தது. 1929 ஆகஸ்டில், பெர்ஷ்டெஸ்காடனிலிருந்து ஒரு குடும்ப நண்பர் அதை வியன்னாவுக்கு அழைத்துக்கொண்டு போனபோது, சால்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வாரைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டது. சில நாள் கழித்துத் தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நாயின் பெயர் ஏன் வசவாயிற்று என்று பிராய்டு எழுதிக்கொண்டிருந்த அதே கோடை அது.

அப்போது தமக்கு நேர்ந்த துயரம் பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தின் ஜாதியைச் சேர்ந்தது, ஆனால் அதன் அளவில் அல்ல என்று அவர் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஏர்னஸ்ட் ஜோன்ஸ் எழுதுகிறார். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் மிகைப்பேச்சு என்று ஒதுக்கிவிடலாம். சொன்னவர் மகளையும் பேரனையும் உண்மையாகவே பறிகொடுத்தவர். தன்மை ஒன்று, அளவு வேறு என்று எடை போட்டுச் சொல்கிறார். வளர்த்த நாய் செத்து இரண்டு நாள் சோறு இறங்காமல் இருப்பவரைப் பார்த்து "ஒரு நாய்க்குப் போய் இப்படியா?" என்று கேட்பவர்களுக்கு இந்த எடைபோடல் போதுமான பதில்.

யோஃபியின் கடிகாரம்

1930-இல் லூனின் உடன்பிறப்பான யோஃபி வந்து சேர்ந்தது. எபிரேய மொழியில் யோஃபி என்றால் அழகு என்று பொருள். அடுத்த ஏழு ஆண்டுகள் பிராய்டின் நிழல் அதுதான். சிகிச்சை அறையில், புகழ்பெற்ற அந்தச் சாய்மஞ்சத்தில் நோயாளி படுத்து மனத்தில் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருப்பார்; தலைமாட்டில் பிராய்டு உட்கார்ந்து கேட்பார்; பக்கத்தில் யோஃபி படுத்திருக்கும். நேரம் முடிந்ததும் யோஃபி எழுந்து சோம்பல் முறிக்கும். அப்பாவுக்குக் கடிகாரம் பார்க்கும் தேவையே இருக்கவில்லை என்கிறார் மார்ட்டின். எத்தனையோ மணி நேரம் ஒரே அளவில் நடக்கும் வேலையைத் தினமும் கூட இருந்து பார்த்த நாய் அந்த அளவைப் பழகிக்கொண்டதில் வியப்பில்லை. அடுப்படியில் குக்கர் விசில் எண்ணுகிற நாய்களும் உண்டல்லவா!

1933-34-இல் அங்கே சிகிச்சைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் ராய் கிரிங்கர் சொன்னது இன்னும் சுவையானது. நாய் வெளியே போகக் கதவைப் பிறாண்டினால், நீங்கள் சொல்வது யோஃபிக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்பாராம் பிராய்டு. திரும்பி உள்ளே வந்தால், உங்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தர முடிவு செய்துவிட்டது என்பாராம்.

1933-இல் முதன்முதலாக அந்த அறைக்கு வந்த கவிஞர் ஹில்டா டூலிட்டிலிடம், நாயைத் தொடாதீர்கள், அந்நியர்களைக் கடிக்கும் என்று பிராய்டு எச்சரித்தார். அவரோ குனிந்து கையை நீட்டினார். நாய் அவர் கையில் மூக்கைப் பதித்தது. பெரிய மனிதர் முன் என்ன பேசுவது என்று தயங்கி நின்றவருக்கு அந்த மூக்குதான் முதல் வரவேற்பு. தம் நூலில் இதை அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

நாயைச் சிகிச்சையின் கருவியாகக் கருதும் முறை அப்போது கிடையாது. 1962-இல்தான் அமெரிக்காவின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தம் ஜிங்கிள்ஸ் என்ற நாய் முன்னிலையில் வாய் திறக்காத குழந்தையும் பேசியதைக் கண்டு, நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்று வருணித்துக் கட்டுரை எழுதினார். இன்று மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இதற்கென்று பழக்கிய நாய்களை அழைத்துச் செல்கிறார்கள். 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டறிந்தார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் கண்ணோடு கண் பார்க்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே வேலை செய்கிற ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இருவரிடத்திலுமே கூடுகிறது. பிள்ளையை இழந்த துக்கத்தின் ஜாதி என்று அந்தக் கிழவர் 1929-இல் சொன்னது வெறும் உணர்ச்சிப் பேச்சு அல்ல என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

இருமனம் என்னும் சிக்கல்

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். நாயிடம் அப்படி என்ன கண்டார் பிராய்டு?

மனித மனத்தைப் பற்றி அவர் சொன்னவற்றில் முக்கியமான ஒன்று, அன்பும் வெறுப்பும் ஒரே ஆளின் மேல் ஒரே நேரத்தில் இருக்கும் என்பது. உளவியலில் இதை 'ஆம்பிவேலன்ஸ்' என்பார்கள். தமிழில் 'இருமனம்' என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா மேல் உயிரையே வைத்திருக்கும் மகனுக்கு அவர் மேல் ஆத்திரமும் இருக்கும். பிள்ளைக்காக எல்லாவற்றையும் விட்ட அம்மாவுக்கு, "இவனால்தானே நான் இப்படி ஆனேன்" என்ற முணுமுணுப்பும் உள்ளே எங்கோ கிடக்கும். கணவன் மனைவி விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். இது கெட்டவர்களிடம் மட்டும் உள்ள குறை அல்ல. மனித உறவின் இயல்பே இப்படித்தான் என்றார் பிராய்டு.

இந்தப் பின்னணியில்தான் 1936 டிசம்பர் 6 அன்று அவர் எழுதிய ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டும். தம் மாணவியும் தோழியுமான பாரிஸ் இளவரசி மேரி போனபார்ட்டுக்கு எழுதியது. ஒரு பிராணியின் மேல் ஏன் இத்தனை ஆழமான பாசம் வருகிறது என்பதற்கு அதில் அவர் கூறும் காரணங்கள் இவை: அது காட்டும் அன்பில் இருமனம் இல்லை. நாகரிகம் நம் மேல் சுமத்தியுள்ள தாங்க முடியாத சிக்கல்கள் அதன் எளிய வாழ்வில் இல்லை. தன்னளவில் முழுமையான ஓர் உயிரின் அழகு அதில் இருக்கிறது. யோஃபியைத் தடவிக்கொடுக்கும்போது மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' இசை நாடகத்திலிருந்து நட்பைப் பற்றிய ஒரு பாட்டைத் தாம் முணுமுணுப்பதுண்டு என்றும் எழுதுகிறார். சங்கீதத்தில் நாட்டமே இல்லை என்று பேர் வாங்கியவர் அவர்!

நமக்கு இது முற்றிலும் புதிய செய்தி அல்ல. யானை போன்றவரின் நட்பை விட்டு நாய் போன்றவரின் நட்பைக் கொள்ள வேண்டும் என்கிறது நாலடியார். பலகாலம் பழகித் தெரிந்திருந்தும் யானை தன் பாகனையே கொன்றுவிடும். நாயோ, எஜமான் எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அது தரும் காரணம். சமண முனிவர்கள் நட்புக்கு உவமையாகச் சொன்னதை வியன்னா மருத்துவர் மனத்தின் இயக்கமாக விளக்கினார். பெருமையில் யானை உயர்ந்தது, நாய் தாழ்ந்தது. ஆனால் நெருங்கிப் பழக எது நல்லது என்ற கேள்வியில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

இதற்காக நாயைச் சாமியாக்கிவிடத் தேவையில்லை. யோஃபிக்கும் பொறாமை உண்டு. பழைய லூனின் பெயரையே இட்டு வாங்கிய இன்னொரு சௌ-சௌவை யோஃபி சேர்த்துக்கொள்ளவே இல்லை. அதனால் அந்த இரண்டாவது லூன் டோரதி வீட்டில்தான் வளர்ந்தது. ஆனால் அந்தப் பொறாமையும் ஒளிவுமறைவு இல்லாதது. பிடிக்கவில்லை என்றால் உறுமல்; பிடித்தால் வாலாட்டல். நடுவே நடிப்பு இல்லை.

1937 ஜனவரியில் யோஃபிக்குச் சினைப்பைக் கட்டிகளுக்காக அறுவைச் சிகிச்சை நடந்தது. நன்றாகத் தேறுவது போல் இருந்து, திடீரென்று இதயம் நின்று இறந்துவிட்டது. ஏழாண்டு நெருக்கத்தை அவ்வளவு லேசாகக் கடந்துவிட முடியாது என்று எழுத்தாளர் ஆர்னால்ட் ஸ்வைகுக்கு எழுதினார் பிராய்டு. நாயில்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. உடனேயே டோரதி வீட்டிலிருந்து லூனை அழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு 80 வயது.

நாடு விட்டு நாடு

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர்கள் தெருவில் அவமானப்படுத்தப்பட்டார்கள். மார்ச் 22 அன்று அன்னாவைக் கெஸ்டபோ ரகசியப் போலீஸ் விசாரணைக்குக் கொண்டுபோயிற்று. மாலையில் அவர் திரும்பி வரும்வரை அந்தக் கிழவர் பட்டபாடு சொல்லி முடியாது. ஊரை விட்டுப் போவதில்லை என்று அதுவரை பிடிவாதமாக இருந்தவர் அதற்குப் பிறகு புறப்பட மனம் இசைந்தார்.

வெளியேற அனுமதி கிடைக்க ஜூன் ஆயிற்று. காத்திருந்த அந்த வாரங்களில் அவரும் அன்னாவும் என்ன செய்தார்கள் தெரியுமா? மேரி போனபார்ட் தம் நாய் டாப்சியைப் பற்றி எழுதி 1937-இல் வெளியிட்ட சிறு நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்கள். டாப்சியும் ஒரு சௌ-சௌ. அதன் வாயில் புற்றுக்கட்டி வந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையால் பிழைத்தது. வாயில் புற்றோடு, வாசலில் நாஜிகளோடு, ஊரை விட்டுப் போகக் காத்திருக்கும் கிழவர், வாய்ப்புற்றிலிருந்து பிழைத்த ஒரு நாயின் கதையை வரிவரியாக மொழிபெயர்க்கிறார். தம் நோயைப் பற்றி வெளியே புலம்பாத மனிதருக்கு அது ஒரு வடிகாலாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

1938 ஜூன் 4 அன்று பிராய்டு, மனைவி மார்த்தா, அன்னா, வீட்டுப் பணிப்பெண், ஒரு மருத்துவர், கூடவே லூன் என்று எல்லாரும் ரயிலேறினார்கள். பாரிஸ் வழியாக ஜூன் 6 அன்று லண்டன் சேர்ந்தார்கள். மனிதர்களுக்கு வரவேற்பு, நாய்க்கோ ஆறு மாதக் காவல்! வெறிநாய்க்கடி நோய் தீவுக்குள் நுழையக்கூடாது என்பதற்காக, வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் தனியே அடைத்து வைப்பது அந்நாட்டுச் சட்டம். (2000-ஆம் ஆண்டிலிருந்துதான், தடுப்பூசி போட்ட நாய்களுக்கு இது படிப்படியாகத் தளர்த்தப்பட்டது.) லண்டன் வந்து நான்கே நாளில், தள்ளாத உடம்போடு லூனைப் பார்க்கப் போனார் பிராய்டு. அப்பா ஏக்கப்படாமல் இருக்கட்டும் என்று ஜம்போ என்ற பெக்கினீஸ் குட்டி ஒன்றையும் வீட்டில் வாங்கினார்கள். ஆனால் அவர் மனம் லூனிடமே இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று லூன் வீடு திரும்பியது. மறுநாள்தான் பி.பி.சி. வானொலி அவருடைய குரலைப் பதிவு செய்தது. இன்று நமக்குக் கிடைக்கும் அவர் குரல் அது ஒன்றே. செயற்கை அண்ணத்தோடு போராடிப் பேசும் குரல்.

மாற்றல் வந்து ஊர் ஊராகப் போன நம் குடும்பங்களுக்கு இந்த வேதனை ஓரளவு புரியும். சாமான் செட்டுகளை லாரியில் ஏற்றிவிடலாம். நாயை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் அழுகை வரும். ஆனால் பிராய்டின் கதையில் இதைவிடக் கனமான உண்மை ஒன்று இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. நாய்க்குக்கூட வழி கிடைத்தது. வியன்னாவில் இருந்த அவருடைய முதிய தங்கைகள் நால்வருக்குக் கிடைக்கவில்லை. அவர்களை மீட்க முயற்சிகள் நடந்தன, பலிக்கவில்லை. 1942-43-இல் நால்வரும் நாஜி முகாம்களில் மாண்டார்கள். அந்தச் செய்தி வரும்போது பிராய்டு உயிரோடு இல்லை. ஒரு நாயின் பயணத்தை நாம் ரசித்துப் படிக்கும்போது, அன்று அந்த ரயிலில் ஏறக் கொடுத்து வைக்காதவர்களையும் நினைத்துக்கொள்வதுதான் நியாயம்.

வலைக்கு உள்ளே, வலைக்கு வெளியே

லண்டனில் மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் 20-ஆம் எண் வீட்டில் அவருடைய கடைசி ஓராண்டு கழிந்தது. தோட்டத்தைப் பார்த்தபடி கீழ் அறையிலேயே படுக்கை. 1939 கோடையில் புற்று கன்னத்தைத் துளைத்துப் புண்ணாக்கியது. அழுகிய எலும்பின் நாற்றம் அறையை நிறைத்தது. ஈ மொய்க்காமல் இருக்கப் படுக்கைக்கு மேல் கொசுவலை கட்ட வேண்டியதாயிற்று. அப்போது நடந்ததை அவருடைய மருத்துவர் மேக்ஸ் ஷூர் எழுதி வைத்திருக்கிறார். எந்த நாயைப் பார்க்க அந்தக் கிழவர் அத்தனை தூரம் போனாரோ அந்த லூன், இப்போது அவர் பக்கத்தில் வர மறுத்தது. அறைக்குள் கொண்டுவந்தால் தூரத்து மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. பிராய்டு அதைச் சோகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பொருள் என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அந்தப் பழைய அடிக்குறிப்பை நினைத்துப் பாருங்கள். நாற்றத்துக்கு முகம் சுளிக்காத பிராணி என்பதால்தான் மனிதன் நாயை இழிவாகப் பேசுகிறான் என்று எழுதினார். கடைசியில் நாற்றத்துக்காக விலகிப் போனது நாய். விலகாமல் நின்றவர்கள் மனிதர்கள். 16 ஆண்டுகள் அந்தச் செயற்கை அண்ணத்தைக் கழற்றி மாட்டி, புண்ணைச் சுத்தம் செய்து, இரவில் பலமுறை எழுந்து வந்தவர் அன்னா. இரக்கப்பட்டு முகம் கோணக் கூடாது, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் ஆரம்பத்திலேயே ஓர் உடன்பாடு. அந்த மகளின் மூக்குக்கு மட்டும் நாற்றம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் நின்றார். வேதனை வெறும் சித்திரவதையாகிவிட்டால் அதை நீட்டிக்க வேண்டாம் என்று முன்பு கேட்டு வாங்கிய வாக்கை பிராய்டு ஷூருக்கு நினைவூட்டினார். ஷூர் மார்ஃபின் ஊசி போட்டார். 1939 செப்டம்பர் 23 அன்று, 83 வயதில், அவர் உயிர் பிரிந்தது.

லூனை நன்றி கெட்டது என்று திட்ட முடியுமா? முடியாது. அதன் அன்பில் இருமனம் இல்லை. அதனாலேயே பிடிக்காததைப் பிடித்தது போல் காட்டவும் அதற்குத் தெரியாது. மூக்கு 'போ' என்றால் கால் போய்விடும். மனிதனுடைய அன்பு அப்படியல்ல. அதில் சலிப்பு உண்டு, எரிச்சல் உண்டு, "இன்னும் எத்தனை நாள்?" என்ற எண்ணமும் உண்டு. ஆனால் உள்ளுக்குள் இரண்டு மனமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, கை போய்ப் புண்ணைத் துடைக்கும். இருமனம் உள்ளவர்களால்தான் ஒரு மனத்தை அடக்கி இன்னொரு மனத்தால் நிற்க முடிகிறது. நாயின் அன்பு சுத்தமானது. மனிதனின் அன்பு கலப்படமானது, ஆனால் கடைசிவரை நிற்கக்கூடியது. பிராய்டின் முதுமைக்கு இரண்டும் தேவைப்பட்டன.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு

ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஊரில் திண்ணையும் கோயிலும் தெருப் பேச்சுமாக இருந்த பெரியவர்கள் பிள்ளையோடு வந்து நாலாவது மாடியில் அடைபடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பாஷை புரியாது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாய் இருந்தால், "அந்தச் சனியனை உள்ளே விடாதே" என்று முதல் மாதம் சொன்ன தாத்தாவே ஆறாவது மாதம் அதற்குத் தயிர்சாதம் பிசைந்து வைப்பதைப் பார்க்கலாம். அது அவரிடம் எந்த பாஷையும் கேட்பதில்லை. பென்ஷன் எவ்வளவு, பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று விசாரிப்பதில்லை. சொன்ன கதையையே பத்தாவது தடவை சொன்னாலும் காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும்.

எனவே "வயசான காலத்தில் நாயோடு என்ன கொஞ்சல்?" என்று அவரைக் கேலி செய்ய வேண்டாம். உலகத்தின் மனத்தையெல்லாம் ஆராய்ந்தவருக்கே அந்தக் கொஞ்சல் தேவைப்பட்டிருக்கிறது. அது போய்விட்டால் அவர் துக்கப்படவும் விடுங்கள். அந்தத் துக்கம் எந்த ஜாதி என்று பிராய்டு சொல்லியிருக்கிறார். அதே சமயம், "அதான் துணைக்கு நாய் இருக்கே" என்று நாம் கழன்றுகொள்ளவும் கூடாது. நாய் தன்னால் முடிந்ததைக் குறைவில்லாமல் கொடுக்கும். வலைக்கு உள்ளே கையை நீட்ட வேண்டிய நாள் வரும்போது அங்கே நாம்தான் இருக்க வேண்டும். அலுத்துக்கொண்டாவது இருக்க வேண்டும்.